ஓடையை அளக்க வருகிறவர்களோடு நாமும் நிற்போம்

தோட்டத்து ஓடையில் யாராவது அளவுகோலை நட்டால் நம் மக்கள் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணிய எங்க கொண்டு போகப் போறாங்க?" என்பதுதான். படித்தவர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. அது சிரிக்க வேண்டிய கேள்வியல்ல. சிறு நீர்மின் திட்டம் ஒன்றை வரைகின்ற எந்தக் குழுவும் முதல் நாளிலேயே பதில் தேட வேண்டிய கேள்வி அது. அந்தக் குழுவில் நமக்கும் இடம் வேண்டும், அதற்கு நாமும் தயாராக வேண்டும் என்பதே இந்தத் தலையங்கத்தில் நாம் சொல்ல வந்தது.

கண்டி நகருக்குப் பக்கத்தில், மகாவலிக் கரையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 1950இல் கொழும்பில் ஆரம்பமாகி, 1960களில் பேராதனைக்கு வந்த பீடம் அது. ஹந்தானை மலையிலிருந்து பார்த்தால் கீழே தெரிகின்ற தூரம்தான். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் பட்டம் பெறுமுன் குழுவாகச் சேர்ந்து முழுத் திட்டமொன்றை வடிவமைத்துப் பழகுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அப்படிப்பட்ட பயிற்சிக்கு சிறு நீர்மின் திட்டத்தைப் போலப் பொருத்தமானது வேறொன்று கிடைப்பது கஷ்டம். ஒரு பாடம் மட்டும் படித்தவரால் அதை முடிக்க முடியாது என்பதே காரணம்.

இதை நம் ஸ்டோரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொழுந்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாட்டும் தட்டில் பிழைத்தால் தேயிலை கெட்டுப் போகும். வாட்டியது சரியாக இருந்து உருட்டியது பிழைத்தாலும் கெட்டுப் போகும். கடைசியில் தரம் பிரிக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முன்னால் நடந்த பிழையைத் திருத்த அவரால் முடியாது. நீர்மின் திட்டமும் அப்படித்தான். ஓடையின் குறுக்கே சின்னத் தடுப்பணை வைத்துத் தண்ணீரைத் திருப்புவார்கள். அது மலையின் இடுப்பைச் சுற்றி ஒரு வாய்க்காலில் ஓடும். மண்ணும் மணலும் தங்குவதற்கு ஒரு தொட்டி, அதற்கப்பால் இன்னொரு தொட்டி. அங்கிருந்து செங்குத்தாக இறங்கும் குழாயில் தண்ணீர் பாய்ந்து சுழலியைச் சுற்றும். சுழலி மின்பிறப்பாக்கியைச் சுற்றும். வேலை முடிந்த தண்ணீர் திரும்பவும் ஓடையில் விழும்.

அணையையும் வாய்க்காலையும் வரைபவர் சிவில் பொறியியல் மாணவர். சுழலியைத் தெரிவு செய்பவர் இயந்திரவியல் மாணவர். மின்பிறப்பாக்கியையும் கம்பியையும் பார்ப்பவர் மின்னியல் மாணவர். மண்ணையும் பாறையையும் பார்க்கப் புவியியல் அறிவு வேண்டும். செலவும் வரவும் பார்க்கக் கணக்கு தெரிந்த ஒருவர் வேண்டும். இவர்கள் ஒரே மேசையில் இருந்து பேசாவிட்டால் ஒருவர் வரைந்த வாய்க்காலுக்கு இன்னொருவர் வாங்கிய சுழலி பொருந்தாது.

கணக்கு கடினமானதல்ல

மின்சாரம் எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் போடலாம். ஒரு செக்கனுக்கு எத்தனை லீற்றர் தண்ணீர் வருகிறது, அது எத்தனை மீற்றர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். இரண்டையும் பெருக்கி, ஏறத்தாழ பத்தால் பெருக்கினால் தண்ணீரில் உள்ள முழுச் சக்தியும் வாட்டில் கிடைக்கும். குழாயிலும் சுழலியிலும் மின்பிறப்பாக்கியிலும் ஒரு பங்கு வீணாகும். அதனால் சிறிய திட்டங்களுக்குப் பத்துக்குப் பதிலாக ஆறால் பெருக்குவது பாதுகாப்பான கணக்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். செக்கனுக்கு 50 லீற்றர் தண்ணீர், 40 மீற்றர் இறக்கம். 50ஐ 40ஆல் பெருக்கி, 6ஆல் பெருக்கினால் 12,000 வாட், அதாவது 12 கிலோவாட். 60 குடும்பங்களுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 200 வாட். நாலைந்து எல்.ஈ.டி. பல்ப், ஒரு தொலைக்காட்சி, கைத்தொலைபேசிக்குச் சார்ஜ், எல்லாம் நடக்கும். ரைஸ் குக்கர் நடக்காது.

இப்போது கோடை வருகிறது. அதே ஓடையில் தண்ணீர் 15 லீற்றராக இறங்குகிறது. 15 x 40 x 6 = 3,600 வாட். வீட்டுக்கு 60 வாட்தான். இரண்டு மூன்று பல்ப் எரியும், அவ்வளவுதான். ஓடையும் இறக்கமும் சுழலியும் மாறவில்லை. மாறியது மாதம் மட்டுமே.

ஆகவே திட்டம் வெல்லுமா தோற்குமா என்பதைத் தீர்மானிப்பது மழைக்காலத்து ஓடை அல்ல, கோடைகாலத்து ஓடை. மழைக்காலத்தில் இரண்டு நாள் வந்து அளந்துவிட்டுப் போகிறவருக்கு இது தெரியாது. நம் மலைநாட்டிலும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரியல்ல. நாவலப்பிட்டி, கினிகத்தேனைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் ஓடை மெலியும். ரங்கலைப் பக்கம், நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளுக்கு டிசம்பர், ஜனவரியில் வரும் வடகீழ்ப் பருவமழைதான் பெரிது. நாவலப்பிட்டி நனையும் காலத்தில் அந்தச் சரிவுகளில் காய்ச்சல் காற்றுத்தான் வீசும். ஓரிடத்துக் கணக்கை இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

எந்த ஓடை எந்த மாதத்தில் எந்தக் கல்லுக்குக் கீழே இறங்கும், எந்த வருடம் முழுதாக வற்றியது, எந்த ஊற்று ஒருநாளும் வற்றியதில்லை என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? நாற்பது வருடம் அந்த மலையில் கொழுந்து பறித்து, மாலையில் அதே ஓடைப் பீலியில் குளித்து, குடத்தைத் தூக்கி வந்த நம் தாய்மாருக்குத் தெரியும். கான் வெட்டிய நம் ஆண்களுக்குத் தெரியும். அந்த அறிவைக் கேட்காமல் வரைகின்ற குழு ஓர் உறுப்பினர் குறைந்த குழு என்றே நாம் சொல்வோம்.

பீலிக்குத் தண்ணீர் கொடுப்பது நஷ்டமல்ல

நீர்மின்சாரம் தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பதில்லை, திருப்பிக் கொடுத்துவிடும் என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் திருப்பிக் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். தடுப்பணையில் எடுத்த தண்ணீர் கீழே சுழலி வீட்டைத் தாண்டித்தான் ஓடையில் சேர்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள நீளத்தில் ஓடை மெலிந்துவிடும், கோடையில் காய்ந்தும் போகலாம். லயமும் பீலியும் அந்த இடைத்தூரத்தில் இருந்தால் பாதிப்பு முழுக்க நம் தலையில்தான் விழும்.

இதற்கும் ஒரு கணக்குப் போடுவோம். 60 குடும்பம் என்றால் சுமார் 300 பேர். ஒருவருக்கு நாளுக்கு 100 லீற்றர் என்று தாராளமாக வைத்தாலும் 30,000 லீற்றர். கோடையில் 15 லீற்றராக மெலிந்த அதே ஓடை, 30,000 லீற்றரை ஏறக்குறைய 33 நிமிடத்தில் கொடுத்துவிடும். ஒரு நாளில் ஓடும் தண்ணீரில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. அணைக்கு மேலிருந்து ஒரு குழாயும், லயத்துக்கு மேலே ஒரு தாங்கியும் வைத்தால் போதும். மின்சாரத்தில் குறைவது கண்ணுக்கே தெரியாது.

நன்றாகக் கவனியுங்கள். குடிநீரா மின்சாரமா என்று நம்மை யாராவது கேட்டால் அந்தக் கேள்வியே பிழை. இரண்டும் கிடைக்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. வரைபடத்தில் அந்தக் குழாயையும் தாங்கியையும் ஆரம்பத்திலேயே கீறினார்களா இல்லையா என்பதே பிரச்சினை. கொங்கிறீட் காய்ந்த பிறகு அதைக் கேட்கப் போனால், "பட்ஜெட்டில் இல்லை" என்ற பதில்தான் வரும்.

பழைய கதையை மறக்க வேண்டாம்

நம் மலைகளில் தண்ணீரால் யந்திரம் சுற்றியது புதிய சங்கதியல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் நூற்றுக்கணக்கான தோட்டங்களில் சிறிய சுழலிகள் ஓடின. ஸ்டோரில் கொழுந்து உருட்டியதும், துரை பங்களாவில் வெளிச்சம் எரிந்ததும் பல இடங்களில் அந்தத் தண்ணீரால்தான். பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1912இல் நுவரெலியா நகருக்கு மின்சாரம் கொடுக்க பிளக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்தார். 1918இல் இந்த நாட்டின் நீர்மின் வளம் பற்றி அவர் எடுத்துச் சொன்ன யோசனை, 1950இல் லக்ஷபான மின்நிலையமாக வந்தது. பின்னர் தேசிய மின்வலையின் கம்பி ஸ்டோர்களுக்கு வந்ததும் தோட்டத்துச் சுழலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. சில இடங்களில் அந்தப் பழைய வாய்க்கால் இன்றும் புல் மூடிக் கிடக்கிறது.

இந்த வரலாற்றில் ஒரு வரி விடுபட்டுப் போகிறது. அந்த வாய்க்கால்களை வெட்டியவர்கள் நம் முன்னோர். ஸ்டோரிலும் பங்களாவிலும் வெளிச்சம் வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் லயக் காம்பராவில் குப்பி விளக்குத்தான் எரிந்தது. தண்ணீர் நம் வாசலைத் தாண்டிப் போனது, வெளிச்சம் வாசலுக்குள் வரவில்லை. திட்டம் பிழையானதால் அப்படி நடக்கவில்லை. திட்டம் போட்ட மேசையில் நமக்கு இடம் இருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறு நீர்மின் நிலையங்களைத் தனியார் கட்டி, மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்கும் முறை 1990களில் வந்தது. பெருந்தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளுக்குப் போனது. சில பெருந்தோட்டக் கம்பனிகளே நீர்மின் துணைக் கம்பனிகளை நடத்துகின்றன. தேயிலை விலை விழும்போது, "கம்பனி நஷ்டத்தில் போகிறது" என்று சம்பளப் பேச்சுவார்த்தையில் சொல்வார்கள். அதே தோட்டத்து ஓடையிலிருந்து வரும் வருமானம் அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதே நாட்டில் இன்னொரு முறையும் நடந்திருக்கிறது. மின்கம்பி எட்டாத சிங்களக் கிராமங்கள் பலவற்றில் மக்கள் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து, சிரமதானத்தால் வாய்க்கால் வெட்டி, உள்ளூரில் செய்த சுழலியை வைத்து வீடுகளுக்கு வெளிச்சம் கொண்டுவந்தார்கள். திட்டத்தை நடத்தியது அந்தச் சங்கமே. மாதக் கட்டணம் வசூலித்து, சுழலியைப் பார்க்க ஊரிலேயே ஒருவரை வைத்தார்கள். பொறியியலாளர்கள் வரைந்து கொடுத்தார்கள், ஊர் சேர்ந்து தீர்மானித்தது. பின்னர் தேசிய மின்கம்பி வந்தபோது அவற்றில் பல மூடப்பட்டன என்பதும் உண்மை. ஆனாலும் படிப்பு குறைந்த மக்களாலும் ஒரு மின்நிலையத்தை நடத்த முடியும் என்பதை அவை காட்டிவிட்டன. நமக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம், காணி. காணி உரிமை இல்லாதவருக்கு ஓடைமேல் பேச்சுரிமையும் குறைகிறது. ஆகவே இதைக் காணிப் போராட்டத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

மண்ணைக் கேட்காவிட்டால்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. அது நீர்மின் திட்டத்தால் வந்ததல்ல. ஆனால் நம் லயங்கள் எப்படிப்பட்ட சரிவுகளில் நிற்கின்றன என்பதை அந்தக் காலை நாட்டுக்குக் காட்டியது. அப்படிப்பட்ட சரிவில் ஒரு வாய்க்கால் கசிந்தால், அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அதே வருடம் டிசம்பரில், உமா ஓயா திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தபோது, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அது பெரிய திட்டம். படித்த பொறியியலாளர்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. நிலத்தடித் தண்ணீர் எந்த வழியில் ஓடுகிறது என்ற அறிவு எவ்வளவு விலை உயர்ந்தது என்பதை அங்குள்ள மக்கள் கொடுத்த விலையில் நாடு கற்றது.

சிறு திட்டம் என்பதால் ஆபத்தும் சிறிது என்று நினைத்துவிடக் கூடாது. லயத்துக்கு மேலே வாய்க்கால் போகிறது என்றால் அந்த இடத்தில் மண்வாய்க்காலுக்குப் பதிலாக மூடிய குழாய் வேண்டும் என்று கேட்போம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைத் தமிழில் தரும்படியும் கேட்போம்.

நாம் கேட்பது

சிறு நீர்மின் திட்டங்களை நாம் எதிர்க்கவில்லை. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற, மணித்தியாலக் கணக்கில் இருட்டில் இருந்த 2022ஐக் கடந்து வந்தவர்கள் நாம். சொந்தத் தண்ணீரில் பிறக்கும் மின்சாரத்தின் மதிப்பு நமக்குத் தெரியும். ஆனால் நிபந்தனையோடுதான் வரவேற்போம்.

முதலாவது, எந்தக் குழு ஓடையை அளக்க வந்தாலும், மாணவராக இருந்தாலும் கம்பனியாக இருந்தாலும், லயத்துக்கு வந்து தமிழில் பேச வேண்டும். தோட்டத் தலைவர், மாதர் தலைவி, ஓடையை அறிந்த பெரியவர்கள் ஆகியோரைக் கூட்டிக்கொண்டு ஓடை நெடுகிலும் நடக்க வேண்டும். துரையோடு பங்களாவில் தேநீர் குடித்துவிட்டுப் போவது மக்களைக் கேட்டதாகாது.

இரண்டாவது, குடிநீர்க் குழாயும் தாங்கியும் முதல் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். கோடையில் ஓடையில் விட வேண்டிய குறைந்தபட்சத் தண்ணீரின் அளவை எழுத்தில் தர வேண்டும்.

மூன்றாவது, தோட்டத்து ஓடையிலிருந்து பணம் வருகிறதென்றால் அதில் ஒரு பங்கு அந்த ஓடைக்கரை மக்களின் வீட்டுக்கும் பாடசாலைக்கும் போக வேண்டும். இதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சிலும் எழுப்புவோம்.

நான்காவது, தகவல். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் அனுமதி இந்த மின்நிலையங்களுக்கு வேண்டும். பிரதேச செயலகத்திலும் கோப்பு இருக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, நாம் தமிழில் விண்ணப்பம் கொடுத்தால், கொடுப்பதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

அளவுகோல் நம் பிள்ளைகள் கையில்

கேட்பது மட்டும் போதாது, செய்யவும் வேண்டும். ஒரு வாளியும் கைக்கடிகாரமும் உள்ள எந்தத் தோட்டப் பாடசாலையிலும் ஓடையை அளக்கலாம். பீலியில் 20 லீற்றர் வாளி 4 செக்கனில் நிரம்பினால், செக்கனுக்கு 5 லீற்றர். ஓடை பெரிதென்றால், நேராக ஓடும் ஓரிடத்தில் 10 மீற்றர் அளந்து, ஒரு பாக்கையோ காய்ந்த குச்சியையோ மிதக்கவிட்டு நேரம் பார்க்கலாம். அகலத்தையும் சராசரி ஆழத்தையும் மீற்றரில் அளந்து வேகத்தோடு பெருக்கினால் கன மீற்றர் கணக்கு வரும். ஒரு கன மீற்றர் 1,000 லீற்றர். மேற்பரப்புத் தண்ணீர் வேகமாக ஓடும், அடித் தண்ணீர் மெதுவாக ஓடும் என்பதால் வந்த விடையில் பத்தில் ஏழு பங்கை மட்டும் எடுக்க வேண்டும். மழை நேரத்தில் பிள்ளைகளை ஓடைக்கு அனுப்ப வேண்டாம். மற்ற வாரங்களில் ஆசிரியரோடு ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரு கொப்பியில் எழுதட்டும்.

ஒரு வருடம் முடிந்தால் அந்தக் கொப்பியில் 50க்குக் கிட்டிய அளவுகள் இருக்கும். இரண்டு நாள் வந்து அளந்தவரின் அறிக்கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பேராதனை மாணவர் குழுவுக்கும் அது தங்கம் போன்றது. கம்பனி பேச வரும்போது நம் பக்கத்திலும் ஒரு தாள் இருக்கும். அதைவிடப் பெரிய நன்மை, கணக்கு என்றாலே பயந்து ஓடும் பிள்ளை, தன் வீட்டுப் பீலியை அளந்து கணக்கைக் கற்கும்.

நம்மில் எத்தனை பிள்ளைகள் அந்தப் பீடத்தின் வாசலை மிதிக்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். பொறியியலுக்குப் போக உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பிரிவே கிடையாது. விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி பாடசாலைக்குப் போக பஸ் காசும் தங்குமிடமும் வேண்டும். கண்டி மாவட்டத் தோட்டப் பிள்ளை கண்டி நகரத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளைகளோடு அதே மாவட்ட வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடுகிறது. இந்த அநியாயத்துக்கு எதிரான கோரிக்கையை நாம் கைவிடப் போவதில்லை. பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: சாதாரண தரத்தில் கணிதம் நன்றாகச் செய்த பிள்ளையை, அதிலும் பெண் பிள்ளையை, கொழும்புக் கடைக்கோ வெளிநாட்டு வேலைக்கோ அனுப்புமுன் ஒரு முறை பாடசாலையோடும் சங்கத்தோடும் பேசுங்கள்.

ஒரு நாள் ஓடையை அளக்க வரும் குழுவில் நம் லயத்துப் பிள்ளையும் இருக்க வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதத் தோட்டக் கூட்டங்களில் ஒவ்வொரு டிவிஷனும் தன் ஓடைகளின் பெயரையும், அவற்றில் குடிக்கும் குடும்பங்களின் எண்ணிக்கையையும், கோடையில் வற்றும் மாதத்தையும் எழுதி அனுப்பட்டும். "தண்ணிய எங்க கொண்டு போகப் போறாங்க?" என்று கேட்கும் நாம், அது எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதையும் கையில் வைத்துக்கொண்டு கேட்போம்.